கிளிப் மைக்கை எங்கே மாட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கருவியிலேயே கவ்விக்கொள்ளும் சின்ன கண்டென்சர் மைக்குகளை (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் நுட்பமான மைக்குகளை)ப் பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பல கேள்விகள் வந்துவிட்டன. ஊதுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், டிரம்ஸ் வாசிப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், மிக்ஸரில் உட்காருகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை முழுக்க அதுதான்.

ஆல்டோ சாக்ஸபோனுக்குக் கிளிப் மைக் வாங்கினேன். பெல்லின் (ஒலி வெளியேறும் அகன்ற வாயின்) விளிம்பில் மாட்டி, மைக்கின் தலையைப் பெல்லுக்குள் நன்றாக இறக்கி வைக்கிறேன். கீழ் ஸ்வரங்கள் குமுறுகின்றன, நடு ஸ்வரங்கள் மெலிந்து போகின்றன. மைக் மட்டமானதா? வேறு கம்பெனி மாற்றட்டுமா?

மாற்ற வேண்டாம். மைக் தனக்குக் கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் அதை உட்கார வைத்த இடம்தான் சரியில்லை.

சாக்ஸபோனில் சத்தம் பெல் வழியாக மட்டும்தான் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கும் மிகக் கீழான ஸ்வரத்துக்கு மட்டும்தான் அது உண்மை. மற்ற ஸ்வரங்களில், திறந்திருக்கும் துளைகளில் முதலில் வருகிற ஒன்றிரண்டிலிருந்துதான் ஒலியின் உடம்பு வெளியே வருகிறது. மேல் அதிர்வெண்கள் மட்டும் திறந்த துளைகளைத் தாண்டி ஓடிப் பெல் வழியாக வெளியேறும். ஆகவே பெல்லுக்குள் தலையை விட்ட மைக்குக்குக் கீழ் ஸ்வரங்கள் முகத்தில் அடிப்பதுபோல் கேட்கும். நடு ஸ்வரங்களிலோ கூர்மை மட்டும் வரும், சதை வராது. போதாக்குறைக்கு, ஒரு திசையைப் பார்த்துக் கேட்கும் எந்த மைக்கும் ஒலிக்கு மிக அருகில் போனால் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூட்டிக் காட்டும். நீங்கள் சொல்லும் குமுறல் இந்த இரண்டும் சேர்ந்தது.

செய்ய வேண்டியது இதுதான். கவ்வியைப் பெல் விளிம்பிலேயே விடுங்கள். வளையும் கழுத்தை மேலே இழுத்து, தலை பெல்லின் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். பிறகு தலையைப் பெல்லின் குழிக்குள் பார்க்க விடாமல், கருவியின் உடம்புப் பக்கம், உங்கள் இடது கையும் வலது கையும் சந்திக்கும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். இப்போது ஒரே மூச்சழுத்தத்தில் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு ஸ்வரமாக மெதுவாக வாசித்து, மிக்ஸரில் பதிவு செய்து, வாசிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். வாசித்துக்கொண்டே கேட்டால் ஏமாந்துபோவீர்கள், கருவியின் அதிர்வு உங்கள் பல்லிலும் எலும்பிலும் ஏறி உண்மையை மறைத்துவிடும். எந்த ஸ்வரம் முட்டிக்கொண்டு வருகிறது, எது காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தலையை இரண்டு விரல் அகலம் நகர்த்துங்கள், மறுபடி அதே வரிசை. இரண்டு விரலுக்கு இவ்வளவு மாற்றமா என்று நீங்களே அசந்துபோவீர்கள். ஸ்டாண்டு மைக் அரை மீட்டர் தள்ளி நிற்பதால் கருவி மொத்தமும் அதற்குக் கலந்து கேட்கிறது. கிளிப் மைக்குக்கு அந்த வசதி கிடையாது, எங்கே வைத்தோமோ அந்த இடத்தைத்தான் அது பெரிதாக்கிக் காட்டும்.

தள்ளி வைத்தால், துளைகளை மூடித் திறக்கும் சாவிகளின் டப் டப் சத்தம் கொஞ்சம் கூடும், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் ஊளையிடுவது) வரும் வாய்ப்பும் கூடும். சாவிச் சத்தத்தில் ஒரு பகுதி காற்றில் வருவதில்லை, உலோகம் வழியாகக் கவ்விக்குள் ஏறி வருகிறது. கவ்வியின் தாடையில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா, மைக்கைத் தாங்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா பாருங்கள். வயர் பெல்லில் உரசாமல் கவ்வியின் பிடிப்பில் ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு மாட்டுங்கள். இவ்வளவு செய்த பிறகு, தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ கட் போடுங்கள். ஆல்டோவின் மிகக் கீழ் ஸ்வரமே சுமார் 139 ஹெர்ட்ஸ்தான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சேனலில் உங்கள் இசை எதுவும் இல்லை. அங்கே வருவதெல்லாம் மேடையின் அதிர்வும் மற்றவர்களின் பாஸும்தான், தயங்காமல் வெட்டலாம். டெனார் சாக்ஸபோன் என்றால் 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கி வாருங்கள்.

ட்ரம்பெட்டில் உச்ச ஸ்வரம் போகும்போது ஒலி உடைகிறது. மிக்ஸரில் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) முழுக்கக் குறைத்தாலும் அதேதான். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. என்ன காரணம்?

சிவப்பு விளக்கு எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உடைவது மிக்ஸரில் இல்லை, மைக்குக்குள்ளேயே.

கண்டென்சர் மைக்குக்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. மெல்லிய சவ்வில் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை வயரில் ஓடும் அளவுக்குத் தயார் செய்வது அதன் வேலை. ட்ரம்பெட் பெல்லின் வாயருகே ஒலி அளவு 130 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்தச் சுற்றால் தாங்க முடியாவிட்டால் அங்கேயே அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டு வந்ததை மிக்ஸரில் எவ்வளவு குறைத்தாலும், குறைந்த அளவில் அதே உடைந்த ஒலிதான் கேட்கும். சிக்னலை ஒரேயடியாகக் குறைக்கும், மிக்ஸரில் உள்ள பேட் பொத்தானும் அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதால் பயனில்லை.

முதலில் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். அடுத்து, தலையைப் பெல்லின் நட்ட நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் கொஞ்சம் ஒதுக்குங்கள். ட்ரம்பெட்டின் கூர்மையான பகுதி நேர்கோட்டில் முன்னால் பாய்கிறது, அந்தக் கோட்டிலிருந்து விலகினாலே காதைக் கிழிக்கும் தன்மை பாதி தணியும். அடுத்து, கண்டென்சர் மைக்குக்கு வயர் வழியாகப் போக வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை மிக்ஸர் உண்மையிலேயே கொடுக்கிறதா என்று பாருங்கள். சில சின்ன மிக்ஸர்களில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். பல கிளிப் மைக்குகள் குறைந்த வோல்டேஜிலும் வேலை செய்யும், ஆனால் சத்தத்தைத் தாங்கும் அளவு இறங்கிவிடும். இதெல்லாம் செய்தும் உடைந்தால், பித்தளைக் கருவிகளுக்கென்று உணர்திறனைக் குறைத்துச் செய்த மைக்தான் வேண்டும். டிபிஏ 4099 போன்ற மைக்குகள் அதே வடிவத்தில் மென்மையான கருவிகளுக்கு ஒன்று, சத்தமான கருவிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகின்றன. வாங்கும்போது எந்த வகை என்று பார்க்காமல் வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் அதிகம். இன்னொன்று: அதிகபட்ச ஒலி அளவு என்று பெட்டியில் போட்டிருப்பதை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடாதீர்கள். ஒரு கம்பெனி 1 சதவீதச் சிதைவு வரும் இடத்தைச் சொல்லும், இன்னொன்று 3 சதவீதத்தைச் சொல்லும்.

ஒலியை அடக்கப் பெல்லில் செருகும் மியூட் பயன்படுத்துகிறவராக இருந்தால் கழுத்து நீளமான மைக்காகப் பாருங்கள். மியூட்டைச் செருகும்போதும் எடுக்கும்போதும் கை மைக்கில் இடித்தால் அந்த இடி அரங்கம் முழுக்கக் கேட்கும்.

கிளிப் மைக்குக்காக 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால், எல்லாச் சேனலுக்கும் போய்விடுகிறது. பாடகர்களின் டைனமிக் மைக் கெட்டுவிடாதா?

கெடாது. அந்த 48 வோல்ட், வயரின் இரண்டு சிக்னல் கம்பிகளிலும் சம அளவில் ஏறுகிறது. வெளி மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் டைனமிக் மைக்கின் சுருள் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அதன் வழியாக மின்சாரம் ஓடாது. ஜாக்கிரதை தேவைப்படுவது பழைய ரிப்பன் மைக்குகளுக்கும் (மெல்லிய உலோகப் பட்டை வைத்தவை), உள்ளே கம்பி விட்டுப்போன வயர்களுக்கும்தான். பொத்தானை அழுத்துமுன் சேனல்களை மியூட் செய்துவிடுங்கள், அழுத்தியபின் சில விநாடி பொறுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இடிக்கும் சத்தம் யாருக்கும் நல்லதல்ல.

அது என்ன 48 என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். 1966-ல் ஜெர்மனியின் நோய்மன் மைக் கம்பெனி தன் டிரான்சிஸ்டர் மைக்குகளை நார்வே வானொலிக்குக் கொண்டுபோனபோது, அவர்களின் ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. அதிலிருந்தே மைக்குக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று ஏற்பாடானது. உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

எலக்ட்ரெட் மைக் என்றால் மட்டம், உண்மையான கண்டென்சர் வேறு என்று எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?

ஒரு காலத்தில் அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. கண்டென்சர் மைக்கை 1916-ல் பெல் தொலைபேசிக் குழும ஆய்வாளர் வென்ட் உருவாக்கினார். அதற்குச் சவ்வில் மின்னேற்றம் கொடுக்க வெளியிலிருந்து உயர்ந்த வோல்டேஜ் வேண்டும், கூடவே பெரிய மின்சுற்று வேண்டும். 1962-ல் அதே குழுமத்தின் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் மின்னேற்றத்தை ஒரு மெல்லிய படலத்திலேயே நிரந்தரமாகப் பொதிந்து வைக்கும் வழியைக் கண்டார்கள். அதுதான் எலக்ட்ரெட். விலை குறைந்த பொருள்களில் எல்லாம் அது நுழைந்ததால் மட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று மேடையில் நீங்கள் பார்க்கும் கிளிப் மைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே எலக்ட்ரெட்தான், மிக உயர்ந்த தரத்தில் உள்ளவையும் சேர்த்து. விரல் நுனி அளவு தலைக்குள் இவ்வளவு நல்ல ஒலி கிடைப்பதே அதனால்தான். மூத்தவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்.

புல்லாங்குழலில் கிளிப் மைக் மாட்டினால் ஊதும் காற்று புஸ் என்று அடிக்கிறது. தள்ளி வைத்தால் ஃபீட்பேக். நடுவில் வழி உண்டா?

உண்டு. குழலில் ஒலி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஊதும் துளை, அப்புறம் திறந்திருக்கும் முதல் விரல் துளைகள். காற்று உங்கள் உதட்டிலிருந்து ஊதும் துளையைக் கடந்து முன்பக்கமும் சற்றுக் கீழும் போகிறது. மைக்கின் தலை அந்தப் பாதையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் இடையே கவ்வியை மாட்டி, தலையைத் துளையின் மட்டத்துக்கு மேலே தூக்கி, பக்கவாட்டிலிருந்து துளையைப் பார்க்கும்படி வையுங்கள். கண்ணாடி முன் நின்று, உங்கள் மூச்சு எங்கே போகிறது என்று மைக்கின் தலை அருகே உள்ளங்கையை வைத்து உணர்ந்து பாருங்கள். கையில் காற்றுப் படும் இடம் மைக்குக்கு ஆகாத இடம்.

பஞ்சு உறையைக் கழற்றவே வேண்டாம். மேற்கத்தியக் குழலின் மிகக் கீழ் ஸ்வரம் சுமார் 262 ஹெர்ட்ஸ், ஆகவே லோ கட்டை 180, 200 வரை தைரியமாக ஏற்றலாம். காற்றின் இரைச்சலில் உறுத்தும் பகுதி அதோடு போய்விடும். கொஞ்சம் மூச்சுச் சத்தம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். முழுக்கத் துடைத்து எடுத்த குழல், கீபோர்டில் வாசித்த குழல் போல ஆகிவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

டிரம்ஸ் முழுக்கக் கண்டென்சர் கிளிப் மைக்குகளே போடலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனையா?

டாம் எனப்படும் டிரம்களுக்கு நல்ல யோசனை. ஸ்டாண்டுகளின் கால்கள் குறைகின்றன, டிரம் நகர்ந்தாலும் மைக்கும் கூடவே நகர்கிறது. தோலின் தொனியும் குச்சி படும் நொடியும் கண்டென்சரில் தெளிவாக வருகின்றன. கவ்வியை ரிம்மில் (டிரம்மின் விளிம்பு வளையத்தில்) இறுக்கி, தலை ரிம்முக்கு மேல் மூன்று நான்கு செ.மீ. உயரத்தில், தோலின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்கட்டும். விளிம்பை நோக்கித் திருப்பினால் மேல் அதிர்வுகள் அதிகமாகி டிங் என்று நீளும், நடுவை நோக்கித் திருப்பினால் அடி கனமாகும்.

அடித்தோலில் கம்பிகள் கட்டிய ஸ்நேர் டிரம்மில்தான் யோசிக்க வேண்டும். சத்தமான மேடை, கனமான கை என்றால் என் ஓட்டு டைனமிக் மைக்குக்குத்தான். கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்கும், பக்கத்தில் இருக்கும் ஹை-ஹாட்டையும் (காலால் இயக்கும் ஜோடித் தட்டையும்) சேர்த்து. ஸ்நேரை ஏற்ற ஏற்ற ஹை-ஹாட்டும் ஏறிக்கொண்டே வரும், பிறகு அதை எந்த ஈக்வலைஸராலும் பிரிக்க முடியாது. பிரஷ் வைத்து மென்மையாக வாசிக்கும் இசை என்றால் கண்டென்சரைத் தவிர வேறெதையும் நான் வைக்க மாட்டேன். பிரஷின் கம்பி இழைகள் தோலில் உரசும் அந்தச் சர சர ஒலியை டைனமிக் பாதிதான் பிடிக்கும்.

கண்டென்சர்தான் என்றால், ஹை-ஹாட்டை மைக்கின் காது கேளாத பக்கத்தில் தள்ளுங்கள். முன்பக்க ஒலியை அதிகமாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு அந்தப் பக்கம் நேர் பின்னால். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், மிகக் குறைவாகக் கேட்பது முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 126 டிகிரி கோணத்தில். இது தெரியாமல் எல்லா மைக்கையும் ஒரே மாதிரித் திருப்புகிறவர்கள் உண்டு. ஹை-ஹாட்டை மட்டும் வாசிக்கச் சொல்லி, ஸ்நேர் சேனலை மட்டும் ஹெட்போனில் கேட்டபடி கவ்வியை ரிம்மில் சுற்றி நகர்த்துங்கள். ஹை-ஹாட் சட்டென்று மங்கும் ஓர் இடம் அகப்படும்.

அப்புறம் ஒன்று, பலர் விட்டுவிடுவது. ஸ்நேருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் மைக் வைத்தால், குச்சி விழும் நொடியில் மேல் தோல் மேல் மைக்கை விட்டு விலகிப் போகிறது, கீழ்த் தோலோ கீழ் மைக்கை நோக்கி வருகிறது. இரண்டு மைக்கும் நேர் எதிரான செய்தி அனுப்புகின்றன. கலந்தால் ஸ்நேரின் வயிறு காணாமல் போகும். கீழ் மைக்கின் சேனலில் துருவத்தை மாற்றும், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள், கனம் திரும்ப வந்தால் அப்படியே விடுங்கள். டிரம்மரின் தலைக்கு மேலே வைக்கும் மைக்குகளோடும் இதே சோதனை செய்யலாம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்வதால் அங்கே முழுப் பொருத்தம் கிடைக்காது. இரண்டு நிலையில் எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிரம்மரைக் கேட்காமல் கவ்வி மாட்டாதீர்கள். அவருடைய குச்சி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். குச்சி ஒருமுறை பட்டால் மைக்கின் கழுத்து போய்விடும்.

ட்ரம்பெட்டின் கிளிப் மைக்கைத் திறந்தாலே டிரம்ஸ் சத்தம் கொட்டுகிறது. ட்ரம்பெட் வாசிப்பவர் டிரம்ஸுக்கு முன்னால் நிற்கிறார்.

மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெல் அரங்கத்தைப் பார்க்கிறது. மைக்கோ வளைந்து திரும்பி பெல்லைப் பார்க்கிறது. அதாவது மைக்கின் முகம் வாசிப்பவரையும், அவருக்குப் பின்னால் இருக்கும் டிரம்ஸையும் நோக்கி இருக்கிறது. அவரைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், அல்லது டிரம்ஸுக்கும் அவருக்கும் இடையே ஒரு தடுப்பு வையுங்கள். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அவர் தன் இசையைக் கேட்க முன்னால் தரையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கர், மைக்கின் முதுகுப் பக்கம் வருவதால், ட்ரம்பெட்டில் ஃபீட்பேக் அவ்வளவாகத் தொல்லை தராது. சாக்ஸபோனில் இது தலைகீழ். பெல் மேல்நோக்கி இருப்பதால் மைக் கீழே பார்க்கிறது, தரை மானிட்டர் அதன் கண்ணில் படுகிறது. சாக்ஸபோன்காரருக்கு மானிட்டரைச் சற்று பக்கத்தில் தள்ளி வையுங்கள்.

கிளாரினெட்டுக்குப் பெல்லில் ஒரு மைக் போதுமா?

போதாது. கிளாரினெட்டின் பெரும்பாலான ஸ்வரங்கள் துளைகளிலிருந்தே வருகின்றன, பெல்லில் மிகக் கீழ் ஸ்வரங்கள்தான். ஒரே மைக் என்றால் கருவியின் நடுவில், துளைகளைப் பார்க்கும்படி, முடிந்தவரை தள்ளி வையுங்கள். வசதி இருந்தால் மேலே ஒன்று, பெல் பக்கம் ஒன்று என இரண்டு மைக் வைத்துக் கலப்பது நல்லது. பெல் மைக்கைக் குறைவாகவே ஏற்றுங்கள்.

வயர் இல்லாமல் ஒலியை அனுப்ப இடுப்பில் மாட்டும் பெல்ட் பேக்கில் வேறு கம்பெனியின் கிளிப் மைக்கைச் செருகினேன். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் சத்தமே இல்லை.

பிளக் பொருந்துவதால் மைக் பொருந்திவிடாது. சிலர் மூன்று பின் வைப்பார்கள், சிலர் நான்கு, சிலர் மரையோடு கூடிய 3.5 மி.மீ. ஜாக். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பிளக்கிலும் எந்தப் பின்னில் மின்சாரம், எந்தப் பின்னில் சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலும் பெல்ட் பேக் 48 வோல்ட் தராது, பெரும்பாலும் 5 வோல்ட் அளவில்தான் தரும். அந்தப் பேக்குக்கு என்று எழுதிய வயரோ இணைப்பானோ வாங்குங்கள், நீங்களாகப் பின்களை மாற்றிப் பற்றவைக்க வேண்டாம். சரியான இணைப்பு கிடைத்ததும் பேக்கில் உள்ள கெயினைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பித்தளைக் கருவி என்றால் மிகக் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். பேக்கிலேயே உடைந்தால் ரிசீவரில் குறைத்துப் பயனில்லை, ட்ரம்பெட் கேள்வியில் சொன்ன அதே கதைதான்.

நிகழ்ச்சியின் பாதியில் மைக்கில் பட பட என்று வெடிக்கும் சத்தம் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது.

ஈரம். ஊதும் கருவியிலிருந்து வரும் மூச்சின் ஈரம் மைக்கின் தலைக்குள் படிகிறது, காய்ந்ததும் சரியாகிறது. வயரும் காரணமாக இருக்கலாம் என்பதால், மைக்கைத் தொடாமல் வயரை மட்டும் பிளக்கின் அருகே மெதுவாக வளைத்துப் பாருங்கள். அப்போது வெடித்தால் வயர், இல்லாவிட்டால் ஈரம்தான். பஞ்சு உறை இரண்டு மூன்று கைவசம் வைத்து, இடைவேளையில் காய்ந்ததை மாற்றுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஈர உறையோடு மைக்கைப் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள். உறையைக் கழற்றி, மைக்கைச் சிறிது நேரம் திறந்த காற்றில் விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வையுங்கள். ஹேர் டிரையர் காட்ட வேண்டாம், அந்தச் சூட்டில் மெல்லிய சவ்வு கெட்டுப்போகும்.